ஆன்சன் டோரன்ஸும் சாப்பல் ஹில் பெண்கள் அணியும்

விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் தகுதியை மதிப்பிடப் புகுவோர், அவர் வென்ற பட்டங்களை எண்ணிப் பார்த்து அந்த எண்ணிக்கையோடு திருப்தியடைந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் என்னும் ஊரில் அமைந்த சர்வகலாசாலையில், 1979 முதல் 2024 வரை பெண்கள் கால்பந்து அணியைப் பயிற்றுவித்து வந்த ஆன்சன் டோரன்ஸ் விஷயத்தில் அந்த எண்ணிக்கையே எவரையும் பிரமிக்கச் செய்யும்: 45 ஆட்டப் பருவங்கள், 900-க்கும் மேற்பட்ட வெற்றிகள், நூற்றுக்கும் குறைவான தோல்விகள், 22 தேசியப் பட்டங்கள். ஆயினும் இவையெல்லாம் விளைவுகளேயன்றிக் காரணங்கள் ஆகா. பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணி இருக்கலாம் என்ற எண்ணமே அமெரிக்கக் கலாசாலைகளில் புதுமையாக இருந்த காலத்தில், ஒருவர் எதனை ஆதாரமாகக் கொண்டு ஒரு ஸ்தாபனத்தை எழுப்பினார், அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு நிலைத்து நின்றது, அதன் அஸ்திவாரத்தோடு எத்தகைய அபாயம் கலந்திருந்தது என்பவையே ஆராயத்தக்க கேள்விகள் என்று நான் கருதுகிறேன்.

டோரன்ஸ் பிறந்தது 1951-ஆம் ஆண்டில், நம் பம்பாய் நகரில். தந்தையார் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகஸ்தர்; ஆதலால் மகனுடைய பால்ய பருவம் இந்தியா, கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று தேசம் தேசமாகக் கழிந்து, பள்ளிப் படிப்பின் பிற்பகுதி ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் நடந்தேறியது. சொந்த நாட்டில் வளர்ந்திருந்தால் பேஸ்பாலையோ கூடைப்பந்தையோ நாடியிருக்கக் கூடிய அந்தச் சிறுவன், கால்பந்தைத் தன் ஆட்டமாக வரித்துக்கொண்டதற்கு இந்த அந்நிய தேச வாசமே காரணம். பின்னர் தாயகம் திரும்பி, வட கரோலினா சர்வகலாசாலையின் ஆண்கள் அணியில் ஆடிக்கொண்டே ஆங்கில இலக்கியமும் தத்துவமும் பயின்று 1974-இல் பட்டம் பெற்றார். சட்டக் கல்லூரியிலும் சேர்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் அவருடைய பழைய பயிற்சியாளரான மார்வின் ஆலன் ஓய்வு பெறவே, 1977-இல் ஆண்கள் அணியின் பொறுப்பு இவரிடம் வந்தது; சட்டப் படிப்பு நின்றது. இலக்கியத்தில் கொண்ட பற்று மட்டும் நிற்கவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

1972-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி, மத்திய அரசாங்கத்தின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்ற வேற்றுமை காரணமாக ஒருவரையும் விலக்கலாகாது என்று விதித்தது. விளையாட்டு என்ற சொல்லே அந்த விதியில் இடம்பெறவில்லையென்றாலும், அதன் பலனை முதலில் உணர்ந்தவர்களில் விளையாட்டு மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பெண்களும் இருந்தார்கள். சாப்பல் ஹில்லில் தங்களுக்குள் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு பொழுதுபோக்காக ஆடிவந்த மாணவிகள், தங்களையும் சர்வகலாசாலையின் அதிகாரபூர்வமான அணியாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று விளையாட்டுத் துறைத் தலைவரான பில் கோபியிடம் விண்ணப்பம் செய்தனர். அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுமாறு கோபி டோரன்ஸை அனுப்பினார். டோரன்ஸ் அனுகூலமாகச் சொல்லவே, அந்த அணியையும் அவரே ஏற்று நடத்தும்படி ஏற்பாடாயிற்று. அதுமுதல் 1988 வரை இரண்டு அணிகளையும் அவர் ஒருசேரப் பயிற்றுவித்தார். ஒரே மைதானத்தில், ஒரே வாரத்தில், ஒரே ஆட்டத்தை இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் மாறிமாறிக் கற்பித்த இந்த அனுபவத்தைப் போல அவருடைய சிந்தனையை உருவாக்கியது வேறொன்றும் இல்லை.

அவருடைய பெருமையைக் குறைத்துச் சொல்ல விரும்புவோர், அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1981-இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற மகளிர் விளையாட்டுச் சங்கம் நடத்திய முதலும் கடைசியுமான பெண்கள் கால்பந்துப் போட்டி சாப்பல் ஹில்லிலேயே நடந்தது. இறுதியாட்டத்தில் மத்திய ஃப்ளோரிடா அணியை ஒரு கோலில் வென்று வட கரோலினா பட்டம் பெற்றது. மறு ஆண்டு என்.சி.ஏ.ஏ. என்னும் பெரிய சங்கம் இந்த ஆட்டத்தையும் மேற்கொண்டபோது, அதைச் சேர்ந்த கலாசாலைகளில் பெண்கள் கால்பந்து அணி வைத்திருந்தவை நூற்றுக்கும் குறைவு. இன்றோ அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. உபகாரச் சம்பளம் கொடுத்து நாடெங்கிலுமிருந்து திறமைசாலிகளைச் சேர்க்க வேண்டும் என்று மற்றவர்கள் யோசிக்கத் தொடங்குமுன் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார் என்பதும் மெய்யே. ஆனால் முந்திக்கொண்டவனுக்குக் கிடைக்கும் அனுகூலம் பத்து ஆண்டில் தேய்ந்துவிடும் தன்மையது. 1982 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்று, 1985 இறுதியாட்டத்தில் ஜார்ஜ் மேசன் அணியிடம் தோற்று, பிறகு 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் வென்ற அணி, போட்டி பன்மடங்காகப் பெருகிவிட்ட 2003, 2006, 2008, 2009, 2012 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் பெற்றதை ‘முந்திக்கொண்டார்’ என்ற ஒரே விளக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது.

காரணத்தைத் தேடுவோர் 1983-ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற பெண் முதலாண்டு மாணவியாக அணியில் சேர்ந்தார். பயிற்சி ஆட்டமாயினும் பந்தயமாயினும் ஒரே வேகத்தில் ஆடுகிறவர். எதிரே நிற்பவள் தன் தோழி என்பதற்காகக் காலைப் பின்வாங்காதவர். இதே குணமுள்ள இளைஞன் ஆண்கள் அணியில் சேர்ந்திருந்தால் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்திருக்கும். பெண்கள் அணியிலோ மனக்கசப்பு உண்டாயிற்று. மூத்த வீராங்கனைகள் பயிற்சியாளரிடம் வந்து முறையிட்டார்கள். டோரன்ஸ் ஹைன்ரிக்ஸை அடக்கவில்லை. அவரைப் போல மற்றவர்களையும் ஆக்குவது எப்படி என்று யோசித்தார். பிற்காலத்தில் அவர் பலமுறை நினைவுகூர்ந்த சம்பவம் இது. அந்த அணியின் சரித்திரத்தில் திருப்புமுனை எதுவென்று கேட்டால் எந்தக் கோப்பையையும் சொல்லாமல் இந்த முடிவைத்தான் நான் சொல்வேன். தோழியோடு முழு பலத்தோடும் மோதுவது நட்புக்குத் துரோகம் என்று சிறு வயது முதல் பழக்கப்பட்ட பெண்களுக்கு, மோதலாம், அதனால் நட்பு குறையாது என்று ஓர் அனுமதியை வழங்குவது, வெறும் உபதேசத்தினால் ஆகிற காரியம் அல்ல. அந்த அனுமதியை அன்றாட ஏற்பாடாக மாற்ற வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய மாதிரி அதே சர்வகலாசாலையில் இருந்தது. கூடைப்பந்து அணியின் பயிற்சியாளரான டீன் ஸ்மித், ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நிமிஷக் கணக்கில் வகுத்துக்கொண்டு, அதில் நடப்பதையெல்லாம் மாணவ உதவியாளர்களைக் கொண்டு குறித்து வைக்கும் வழக்கமுடையவர். இளம் பயிற்சியாளரான டோரன்ஸ் அதைப் போய்ப் பார்த்தார், தம் மைதானத்துக்குக் கொண்டுவந்தார், காலக்கிரமத்தில் விரிவாக்கினார். ‘போட்டிக் கொப்பரை’ என்று பிரசித்தி பெற்ற முறை இதுவே.

பயிற்சி நாள் ஒன்றில் அது எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் நின்று பார்த்தால் அதன் கடுமை விளங்கும். குறுகிய நிலப்பரப்பில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். நடுவே ஒரு பந்து. இருபுறமும் சிறு இலக்குகள். உதவிக்கு வர ஒருவரும் இல்லை. குறிப்பிட்ட நேரம் முடிந்ததும் விசில் ஒலிக்க, மைதான ஓரத்தில் அட்டையும் பென்சிலுமாக நிற்கும் மாணவ உதவியாளர் யார் வென்றார், யார் தோற்றார் என்று எழுதிக்கொள்கிறார். உடனே எதிராளி மாறி அடுத்த மோதல் தொடங்குகிறது. ஓட்டத்தின் வேகம், மூச்சின் தாக்குப்பிடிப்பு, தலையால் பந்தை முட்டும் திறன், இலக்கை நோக்கி உதைப்பதின் துல்லியம், சிறு குழுக்களாகப் பிரிந்து ஆடும்போது அவரவர் குழு பெற்ற வெற்றி தோல்வி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்குகள் கூட்டப்பட்டு, ஒவ்வோர் இனத்திலும் முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்ற பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். உலகப் புகழ் பெற்றவளாயினும் நேற்றுச் சேர்ந்தவளாயினும் அந்தப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஓர் எண் இருக்கும், மறைக்க வழியில்லை. ஹைன்ரிக்ஸைப் போல ஆடுவது ஒருத்தியின் சுபாவ தோஷமாகக் கருதப்பட்ட நிலை மாறி, எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் கடமையாயிற்று. வென்றவளைக் குறை சொல்ல இடமில்லை. அவள் செய்தது பட்டியல் கேட்டதைத்தான்.

மைதானத்தில் அவர் கையாண்ட யுக்தியும் இந்தக் கொப்பரையிலிருந்து பிறந்ததே. பின்னே மூவர், நடுவே நால்வர், முன்னே மூவர் என்ற அமைப்பில், எதிரணி பந்தை வாங்கியவுடனேயே அவர்களுடைய பாதியிலேயே போய் நெருக்கும் ஆட்டம் அவருடையது. பின்னால் மூவரை மட்டும் நிறுத்தும் துணிவு, ஒற்றைக்கு ஒற்றை மோதலில் தம் தற்காப்பு வீராங்கனை தோற்கமாட்டாள் என்ற நம்பிக்கை உடையவருக்கே வரும். சர்வதேச ஆட்டங்களில் இல்லாத வகையில் ஆட்டக்காரர்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ளக் கலாசாலை விதிகள் இடமளித்ததால், முதற் பாதியிலேயே ஒரு கூட்டத்தை வெளியே அழைத்து மற்றொரு கூட்டத்தை உள்ளே அனுப்பி, களைப்பறியாத நெருக்குதலை அவர் தொடர்ந்து நடத்தினார். இதனால் இருபதாவது இடத்திலிருந்த வீராங்கனையும் பந்தயத்தில் பங்கு பெற்றாள். பயிற்சியில் படும் பாட்டுக்குப் பொருள் இருப்பதாக உணர்ந்தாள்.

கடுமையான கணக்கு மட்டுமே இருந்திருந்தால் இந்த அணி சில ஆண்டுகளில் உடைந்து போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஈடாக மற்றொரு பக்கத்தில் அவர் வைத்த பொருள் பரிவு. ஆண்கள் அணியைக் கூட்டிவைத்து ‘சிலர் சரியாக உழைக்கவில்லை’ என்று கண்டித்தால், அது அடுத்தவனைப் பற்றியது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்கிறான். பெண்கள் அணியிடம் அதையே சொன்னால் தன்னைத்தான் சொல்கிறார் என்று ஒவ்வொருத்தியும் வருந்துகிறாள் என்பது இரு அணிகளையும் நடத்திய காலத்தில் அவர் கண்டது. எல்லா ஆண்களையும் எல்லாப் பெண்களையும் இப்படி இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுவது எனக்கு உடன்பாடல்ல. மனித சுபாவம் அவ்வளவு எளிதாகப் பங்கிடப்படுவதில்லை. ஆனால் அந்த எண்ணம் அவரை எந்த நடைமுறைக்கு இட்டுச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது: பொதுவில் அதட்டுவதைக் குறைத்தார், தனித்தனியே அழைத்துப் பேசுவதைப் பெருக்கினார், ஆட்டப் படங்களைப் போட்டுக் காட்டும்போது பிழைகளை அடுக்குவதை விட்டு, நன்றாகச் செய்ததைக் காட்டத் தலைப்பட்டார்.

ஒரு நாள் காலை காரில் போய்க்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒரு பெண் தன்னந்தனியே வேக ஓட்டங்களை ஓடி, குனிந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். அவர் மியா ஹாம். பதினைந்து வயதிலேயே, 1987-இல், தேசிய அணிக்காக ஆடத் தொடங்கி, பின்னர் உலகத்தின் மிகப் பிரபலமான வீராங்கனையாக விளங்கியவர். டோரன்ஸ் வண்டியை நிறுத்திக் கூப்பிடவில்லை. தாம் பார்த்ததைப் பற்றி இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பினார். எழுதுவது அவருக்குக் கைவந்த பழக்கம். பட்டப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு முன், அணியைவிட்டு விடைபெறப் போகும் நான்காமாண்டு மாணவி ஒவ்வொருத்திக்கும் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார். அவள் போட்ட கோல்கள் அதில் இரா, அவள் எத்தகைய மனுஷி என்பதும் அவளால் அணி எவ்வாறு மேன்மையுற்றது என்பதுமே இருக்கும். பின்னர் அந்த மாணவிகளைப் பற்றி மற்றவர்களிடம் பேசி, அவர்களுக்காக இன்று ஆடுங்கள் என்பார். அணி கைக்கொள்ள வேண்டிய குணங்கள் என்று அவர் வகுத்தவை ஒவ்வொன்றுக்கும் இலக்கியத்திலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, வீராங்கனைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார். புலம்பலாகாது என்ற முதற்பாடத்துக்கு அவர் தேர்ந்தது பெர்னார்ட் ஷாவின் வாசகம். அந்தக் குணங்களில் ஒருவர்க்கொருவர் மதிப்பெண் இடும் வழக்கமும் இருந்தது. காலால் ஆடும் ஆட்டத்துக்கு ஷா எதற்கு என்று கேட்பவர்கள், கலாசாலையில் நடப்பது விளையாட்டாயினும் அது கல்வியின் ஓர் அங்கம் என்பதை மறந்து கேட்கிறார்கள்.

1986 முதல் 1994 வரை அவரே அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 1991 நவம்பரில் சீன தேசத்தில் முதல் பெண்கள் உலகப் போட்டி நடந்தது. பெண்களால் தொண்ணூறு நிமிஷம் ஆட முடியாது என்று எண்ணினார்களோ என்னவோ, ஆட்டங்களை 80 நிமிஷத்துக்குக் குறைத்திருந்தார்கள். குவாங்ஜோ நகரில், அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பார்த்திருக்க, நார்வேயை 2-1 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் மிஷெல் ஏக்கர்ஸ், இரண்டாவது கோல் விழுந்தது 78-ஆம் நிமிஷத்தில். அணித் தலைவி, எட்டு ஆண்டுகளுக்கு முன் தோழிகளின் மனக்கசப்புக்கு ஆளான அதே ஏப்ரல் ஹைன்ரிக்ஸ். கிறிஸ்டின் லில்லி, மியா ஹாம், கார்லா ஓவர்பெக் முதலிய சாப்பல் ஹில் மாணவிகள் அந்த அணியில் இருந்தனர். ஆயினும் அந்த வெற்றியை முழுவதும் சாப்பல் ஹில்லின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. ஏக்கர்ஸ் மத்திய ஃப்ளோரிடாவில் படித்தவர், போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்ற காரின் ஜென்னிங்ஸ் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் படித்தவர். டோரன்ஸின் முறை பிறர் வளர்த்தவர்களிடமும் பலித்தது என்பதே இதிலிருந்து பெறத்தக்கது.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த ஆராய்ச்சி பொய்யாகிவிடும். 1998-இல் அவருடைய அணியில் ஆடியிருந்த பெண்கள் இருவர், வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் தகாத முறையில் கேட்டும் பேசியும் வந்தார் என்று அவர்மீதும் சர்வகலாசாலைமீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். டோரன்ஸ் தாம் குற்றம் செய்யவில்லை என்று மறுத்தார். எனினும் அத்தகைய கேலிப் பேச்சில் தாம் கலந்துகொண்டது முறையல்ல என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒரு வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தது; மற்றொன்றை, விசாரணைக்கு உரியதே என்று 2007-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 3,85,000 டாலர் கொடுத்து 2008-இல் சர்வகலாசாலை தீர்த்துக்கொண்டது. ஜூரிகளின் முன் எதுவும் ருசுவாகவில்லை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. மாணவியின் மனத்தை அறிந்து பழகுவதையே தன் பலமாகக் கொண்ட ஒரு முறையில், பந்தயத்தில் ஆடவிடுவதும் வெளியே உட்காரவைப்பதும் உபகாரச் சம்பளமும் ஒரே மனிதரின் கையில் இருக்கையில், பதினெட்டு வயதுப் பெண் அந்தப் பழக்கத்தின் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ள முடியாது. வகுக்க வேண்டிய கடமை பெரியவருடையது, அவர் தவறினால் ஸ்தாபனத்தினுடையது. அந்தக் கடமையில் அங்கே குறை நேர்ந்தது. பல மாணவிகள் அவரை ஆயுள் முழுவதும் மதித்துப் போற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மை இந்த உண்மையை அழித்துவிடாது.

பிற்காலத்தில் எதிரணிகள் அவருடைய நெருக்கும் ஆட்டத்துக்குப் பந்தைத் தங்களிடமே நிதானமாக வைத்துக்கொண்டு மாற்றுக் கண்டன. ஸ்டான்ஃபோர்ட், ஃப்ளோரிடா ஸ்டேட் போன்ற சர்வகலாசாலைகள் தலையெடுத்தன. 2012-க்குப் பிறகு அவருக்குப் பட்டம் கிட்டவில்லை. 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் தோற்றார். 2022 இறுதியாட்டத்திலோ இரண்டு கோல் முன்னணியில் இருந்த அவருடைய அணி, ஆட்டம் நீட்டிக்கப்பட்ட பின் யூ.சி.எல்.ஏ. அணியிடம் 3-2 என்று தோற்றது. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் அந்த ஆட்டத்தின் எல்லாத் துறைகளிலும் பரவியிருந்தார்கள். ஹைன்ரிக்ஸ் தேசிய அணியின் பயிற்சியாளராகி 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று தந்தார். சிண்டி பார்லோ கோன் 2020-இல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். லூசி பிரான்ஸ், அலெஸ்ஸியா ரூசோ போன்ற இங்கிலாந்து வீராங்கனைகளும் சாப்பல் ஹில்லில் சில காலம் பயின்று சென்றவர்களே. ஆட்டங்களை எப்படி வெல்வது என்பதைக் காட்டிலும், மற்றவர்களை எப்படி நடத்துவது என்பதை அந்த மைதானம் பல பேருக்குக் கற்பித்தது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

2024 ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, தமது 73-ஆவது வயதில் டோரன்ஸ் ஓய்வு பெற்றார். அவரிடம் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு டிசம்பரில், அதே மாநிலத்திலுள்ள கேரி நகரில் நடந்த இறுதியாட்டத்தில், வேக் ஃபாரஸ்ட் அணியை ஒரே ஒரு கோலில் வென்று வட கரோலினா தன் 23-ஆவது தேசியப் பட்டத்தைப் பெற்றது. அவர் களத்தில் இல்லாமல் அந்த அணி வென்ற முதல் பட்டம் அது.